உயிலுக்கும் பவருக்கும் நடுவே

நான் எழுதியதிலேயே மிக அழகான பத்திரம், எதற்கும் செல்லாத பத்திரம். இதை இளைய பத்திர எழுத்தர்களிடம் ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒன்றும் பெருமை இல்லை. பெருமையெல்லாம் எழுதிய அன்றே தீர்ந்துவிட்டது. அன்று அதைக் கொடைக்கானலில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்று நாலு பேருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். எழுதக் கொடுத்த கட்சிக்காரரின் அந்தரங்கம் என்பதுகூட உறைக்கவில்லை. கேட்டவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகையாகவும் இருக்கலாம்.

எழுதச் சொன்னவர் பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த அருளப்பன். ஒரே மகன் இறந்துபோனான். மருமகள் தெரசம்மாள்தான் வீட்டையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு வெள்ளனே பஸ் ஏறி வந்திருந்தார்.

“தம்பி, எனக்குப் பேரெல்லாம் மறக்க ஆரம்பிச்சிருச்சு. எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. கடைசியில அவரைக் காப்பிக் கொட்டகைத் தூணுல கட்டிப் போட்டாங்க. எனக்குப் புத்தி கலங்கிட்டா என்னைய எங்க வைக்கிறது, என்ன வைத்தியம் பாக்குறது, எல்லாம் இந்தப் புள்ளை சொல்றபடிதான் நடக்கணும். எழுதுங்க.”

எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் மாதிரிப் புத்தகம் உண்டு. உயிலுக்கு ஒரு மாதிரி, நமக்காக இன்னொருவர் செயல்பட அதிகாரம் கொடுக்கும் பவருக்கு ஒரு மாதிரி. அருளப்பன் கேட்டதற்கு மாதிரி இல்லை. ஏன் இல்லை என்று ஒரு புத்திசாலி யோசித்திருப்பான். நான் நிறையப் படித்தவன்; யோசிக்க நேரமில்லை. உயிலின் தலையை வெட்டிப் பவரின் உடம்பில் ஒட்டி, ‘எனக்குச் சித்தம் கலங்கிய காலத்தில்’ என்று தொடங்கி மூச்சு விடாமல் ஓடும் ஒரு பாராவை எழுதினேன்.

பதிவின்போது சப் ரிஜிஸ்திரார் அந்தப் பாராவில் பேனாவை ஊன்றி, “இது நிக்காதுய்யா” என்றார். ஆனால் செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொல்வது அவர் சோலி இல்லை, பதிந்துவிட்டார். என் தமிழைப் பார்த்து மனுஷனுக்கு வயிறெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை தெரசம்மாள் அந்தப் பத்திரத்தோடு வந்து நின்றாள். அருளப்பன் எப்படியோ பெருமாள்மலைக்குப் போய், அங்கே நின்ற லாரியில் ஏறி உட்கார்ந்து, இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறார். அதைக் கேள்விப்பட்டு வத்தலக்குண்டிலிருந்து அவருடைய தம்பி வந்துவிட்டார்.

“சின்ன மாமா, ‘ஒத்தைப் பொம்பளை எப்படிம்மா சமாளிப்ப, அண்ணனை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில சேத்துருவோம், ஞாயித்துக்கிழமை ஜீப் கொண்டாரேன்’ங்கிறாரு. நான் இந்தப் பத்திரத்தக் காட்டுனேன். வக்கீலக் கேட்டுட்டு வந்து, இது செத்த பத்திரம்னு சிரிக்கிறாருண்ணே. நெசந்தானா?”

அவளைக் கூட்டிக்கொண்டு சப் ரிஜிஸ்திராரிடம் ஓடினேன்.

“பவர் குடுத்தவருக்குப் புத்தி தவறுன அன்னைக்கே பவரும் போச்சு. உயிலோ, ஆள் செத்தாத்தான் கண்ணு முழிக்கும். நடுவுல உசிரோட கெடக்குற மனுசனுக்கு நீரு என்னய்யா எழுதுனீரு?”

‘அன்றைக்கே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை அவர் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. அதற்கு இன்றுவரை நன்றி. மதுரையில் தமக்குத் தெரிந்த வக்கீலுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். “புத்தி தவறுனவருக்குப் பொறுப்பாளரப் போடுறது ஜில்லா கோர்ட்டு ஒண்ணுதான். வெரசாப் போங்க.”

மலை இறங்கும் பஸ்ஸில் எனக்குத் தலை சுற்றியது. தெரசம்மாள்தான் முந்தானை முடிச்சிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தாள். மதுரை வரைக்கும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விசாரணை முடியும்வரை பெரியவரை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தக்கூடாது என்று வக்கீல் வெள்ளிக்கிழமை உத்தரவு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை வந்த ஜீப் காலியாகத் திரும்பியது.

விசாரணையில் ஜட்ஜ் அருளப்பனிடம், “இப்போ நாட்டை ஆள்றது யாரு, பெரியவரே?” என்று கேட்டார்.

“ஒசரத்துல உக்காந்திருக்கிறது நீங்க. என்னையக் கேக்குறீங்களே!”

கோர்ட்டே சிரித்தது, ஜட்ஜும்தான். பிறகு என் பாராவைப் படித்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். “சட்டப்படி இது செல்லாது. ஆனால் புத்தி தெளிவாக இருந்தபோது இவர் யாரை நம்பினார் என்று இதில் இருக்கிறது” என்று சொல்லி, தெரசம்மாளையே பொறுப்பாளராக நியமித்தார். தம்பி, “சரிம்மா, முடியலைன்னாச் சொல்லியனுப்பு” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். அவரும் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

அன்று முதல் இப்படி யாராவது எழுதக் கேட்டால், யாரை நம்புகிறீர்கள், ஏன் நம்புகிறீர்கள் என்று அவர்கள் சொன்ன சொல்லிலேயே தனியாக எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்குகிறேன். இது அதிகாரம் இல்லை, கோர்ட்டுக்கு நீங்கள் விட்டுவைக்கும் சாட்சி மட்டுமே என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். அலங்காரம் கிடையாது.

உத்தரவு நகலை நானே பண்ணைக்காட்டுக்குக் கொண்டுபோனேன். அருளப்பன் களத்தில் உட்கார்ந்து காப்பிக்கொட்டையைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார். தெரசம்மாள் அவர் காதருகே குனிந்து, “மாமா, இனிமே உங்க காரியமெல்லாம் நான் சொல்றபடிதானாம். எழுதி வந்திருச்சு. ரைட்டரண்ணே கொண்டாந்திருக்காரு” என்றாள்.

தம்பி பெயரை மறந்தவர், நாட்டை ஆள்வது யாரென்று தெரியாதவர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நான் சொன்னது நாலு வரி. அத எழுதவா தம்பி இம்புட்டு வருசம்?”