சமையலறையில் நாமக்கோழி

புதிதாக வாங்கிய கோரைப்பாயை விரித்ததும் எழுந்த வாசனை, மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள எங்கள் காலி மனைக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. தொண்ணூறுகளில், வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து கல்பாக்கம் வந்த அப்பா, அதை ஒரு சித்திரை வெயிலில் வாங்கினார். தரை வெடித்துக் கிடந்ததால், அது ஏரி என்று வெளியூர்க்காரரான அவருக்குத் தோன்றவே இல்லை. ஞாயிறுதோறும் புளியோதரையோடு போவோம். மஞ்சள் அடித்த நான்கு கற்களுக்கு நடுவே அம்மா தன் செருப்பை வைத்துச் சமையலறையைக் குறிப்பாள், நான் என் அறையில் போய்ப் படுத்துக்கொள்வேன், அப்பா, இன்னும் கட்டாத வாசலில் நின்று காற்று வருகிறதா என்று பார்ப்பார்.

ஐப்பசி மழை விட்டபின் போய்ப் பார்த்தபோது கற்களின் நுனி மட்டும் தெரிந்தது. கரையில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா சிரித்தாள்.

"இன்னா சார், ஏரிக்குள்ளயா வூடு கட்டப் போற? அங்க பாரு, ஆளு குடி வந்துடுச்சி."

அம்மாவின் சமையலறையில், கோரைக்கு நடுவே கூடு கட்டி, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்பு நீர்ப்பறவை, ஒரு நாமக்கோழி, அடைகாத்துக்கொண்டிருந்தது.

சுற்றிலும் மனை வாங்கியிருந்தவர்கள் எல்லோரும் லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கினார்கள். அப்பா மட்டும் "குஞ்சு பொரிக்கட்டும்" என்றார். அடுத்த மழைக்கும் அதையே சொன்னார், அப்படியே சொல்லிச் சொல்லி ரிட்டயரும் ஆனார்.

ஏரி போய்விட்டது. அடுக்குமாடிகளுக்கு நடுவே எங்கள் மனை மட்டும் கோரை முளைத்த சதுரக் குட்டையாகக் கிடக்கிறது. மண் அடித்து விற்றுத் தரவா என்று மாதாமாதம் புரோக்கர் போன் செய்கிறார்.

"வேண்டாம்ண்ணே," என்கிறேன். "ஆள் குடியிருக்காங்க."