கோட்டுக்கு உள்ளே, கோட்டுக்கு வெளியே

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது முதலில் கண்ணில் பட்டவை இரண்டு கைகள். காசு வாங்கும் மேசைக்குப் பின்னால் நின்ற பெண், உள்ளங்கைகள் மேலே தெரியும்படி இரண்டையும் மேசைமேல் விரித்து வைத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கைகளைக் காட்டும்படி யாரும் சொல்லவில்லை. நான் வணக்கம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2004ஆம் ஆண்டு, தை மாதம். கடைகளிலிருந்து காசுப் பைகளை எடுத்து வங்கிக்குக் கொண்டுபோகும் கவச வாகனம் ஒன்றில் எனக்குக் காவல் வேலை. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் பத்திரிகையில் செய்தி எழுதியவன் நான். மொன்றியலில் அதற்கு ஆள் தேவைப்படவில்லை. ஒரு நாளைக்குப் பதினேழு இடங்கள். குண்டு துளைக்காத அங்கி, இரும்பு மூக்கு வைத்த சப்பாத்து, வாரில் கைத்துப்பாக்கி. வீட்டுக்கு வந்து வாரைக் கழற்றிய பிறகும் வலது இடுப்பு நெடுநேரம் பாரமாகவே இருக்கும்.

கம்பனி தந்த ஜாக்கெட் இடுப்போடு நின்றுவிடும். குளிருக்குப் போதாது என்று எல்லோரும் முறையிட்டோம். துப்பாக்கி வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே அது அப்படித் தைக்கப்பட்டிருந்தது. அது இருப்பதை மற்றவர்கள் பார்ப்பதுதான் உங்கள் வேலையில் பாதி என்று பயிற்சி தந்தவர் சொன்னார்.

மொன்றியலின் வில்லரே பகுதியில் இருந்த அந்தப் பலசரக்குக் கடையை மன்னாரிலிருந்து வந்த கணவனும் மனைவியும் நடத்தினார்கள். எங்கள் பாதையில் அது அந்தக் கிழமைதான் புதிதாகச் சேர்ந்தது. மரக்கறிப் பக்கம் நின்ற ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன, அங்கை சமாதானம் எண்டாங்கள். இஞ்சை ஆமி வந்து நிக்குது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கணவர் உள்ளறையிலிருந்து வந்து பையைத் தந்து கையெழுத்துப் போட்டார். பிறகு கதவுவரை என்னோடு வந்தார்.

"தம்பி யாழ்ப்பாணமோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப உங்களுக்கு விளங்கும். அடுத்த முறை வரேக்கை அதைக் கோட்டுக்குள்ளை விட்டுக்கொண்டு வாங்கோவன். மனிசி பயப்பிடுறா."

"கம்பனி விடாது அண்ணை."

"கம்பனி இஞ்சையே நிக்குது?"

பிறகு அவர் விஷயத்தைச் சொன்னார். சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் அவருக்குப் பகல் வேலை கிடைத்திருந்தது. மாசியில் தொடங்க வேண்டும். கடையை மட்டும் நம்பி இருக்க முடியாது. அவர் போய்விட்டால் செவ்வாய்க்கிழமைகளில் பையைக் கொடுத்துக் கையெழுத்துப் போட மனைவி மட்டும்தான். "அவ தனிய நிக்கேலாது எண்டால் நான் வேலைக்கு மாட்டன் எண்டு சொல்லிவிட வேணும். இந்த வயதில எனக்கு இன்னொருக்கா ஆர் வேலை தரப்போறான்?"

அடுத்த செவ்வாய் வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தொரு பாகை. நான் முழங்கால்வரை வரும் என் சொந்தக் கோட்டைப் போட்டு, பொத்தான்களைப் பூட்டினேன். வாகனம் ஓட்டியவர் கியூபெக்காரர், இந்த வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். என் இடுப்பைப் பார்த்துவிட்டு, மேலாளர் கண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று பிரெஞ்சில் சொன்னார். இரண்டு நிமிடம்தான் என்றேன். அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் குளிர்.

உள்ளே போனபோது அந்தப் பெண்ணின் கைகள் மேசைமேல் இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கோட்டின் வலப்பக்கத்தை. பிறகு கோட்டுப் பையை, என் கைகளை, மறுபடி கோட்டை.

"தம்பி, அது எங்கை?"

"உள்ளுக்கை இருக்கு அக்கா. ஒண்டுமில்லை."

சொல்லக்கூடாத பதில் அதுதான். அவர் பின்னால் நகர்ந்து, குளிர்ப்பெட்டியில் முட்டி, உள்ளறைக்குள் போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

கணவர் கதவைத் தட்டினார். "இஞ்சரப்பா, அண்டைக்கு வந்த தம்பிதான்."

"அதை வெளியில விடச் சொல்லுங்கோ."

"நீர்தானே பயம் எண்டனீர்."

"பயம் எண்டனான்தான். ஒளிக்கச் சொன்னனானே?"

கணவர் என்னைப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து மனைவி தொடர்ந்து பேசினார், குரலை உயர்த்தாமல்.

"ஆமிக்காரன் துவக்கோட வாறது தூரத்திலயே தெரியும். நாங்கள் ஒழுங்கை மாறிப் போயிடுவம். எங்கட அண்ணாவைச் சுட்டவன் சேட்டை வெளியில விட்டுக்கொண்டு வந்தவன். சைக்கிளுக்குக் காத்தடிக்க வேணும் எண்டு கேட்டவன். அண்ணா அவனோட பகிடி விட்டுக்கொண்டுதான் காத்தடிச்சவர்."

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 'இனந்தெரியாத ஆயுததாரிகள்' என்ற சொற்களை நான் எத்தனை முறை எழுதினேன் என்று கணக்கில்லை. பார்த்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டால் பெரும்பாலும் ஒன்றையே சொல்வார்கள்: சைக்கிளில் வந்தான், சேட்டு வெளியே விட்டிருந்தான். சட்டைக்குள் இருந்த ஆயுதத்தைச் சுடும்வரை ஒருவரும் கண்டதில்லை. அதைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். இடம் போதாதபோது வெட்டியுமிருக்கிறேன். மொன்றியலில் ஒருவர் கேட்டதும், மறைப்பதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டேன்.

பொத்தான்களைக் கழற்றினேன். விரல்கள் விறைத்திருந்ததால் நேரம் எடுத்தது. கோட்டைக் கணவர் வாங்கி அரிசி மூட்டைமேல் போட்டார்.

"அக்கா, இப்ப வெளியில இருக்கு."

தாழ்ப்பாள் திறந்தது. அவர் வாசலில் நின்று பார்த்தார்.

"கொஞ்சம் திரும்புங்கோ. வலப்பக்கம் எனக்குத் தெரிய வேணும்."

திரும்பினேன்.

"கையை என்ன செய்வீங்கள்?"

"இரண்டு கையாலயும் பையைப் பிடிக்கிறன்."

"ஒவ்வொரு முறையும்?"

"நான் வாற நாளெல்லாம் அப்படித்தான் அக்கா."

அவர் மேசைக்கு வந்தார். கணவர் பேனையை எடுக்கக் கை நீட்டினார். "விடுங்கோ, இனி நான்தானே போட வேணும்" என்று அவர் அதை வாங்கி, துப்பாக்கியில் ஒரு கண் வைத்தபடியே கையெழுத்துப் போட்டார். எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிப் போயிருந்தது. நேரம் போட வேண்டிய கட்டத்தில் பத்து முப்பத்திநாலு என்று எழுதினார். சரியான நேரம் அதுதான்.

"உங்களுக்குக் குளிரேல்லையோ?" என்று கேட்டார்.

"குளிருதுதான்."

"கம்பனிக்காரன் இப்ப கண்டால் பரிசு குடுப்பான்" என்றார் கணவர்.

"நீங்கள் சும்மா இருங்கோ. எல்லாம் உங்கடை யோசனைதானே."

கோட்டைக் கையில் மடித்துக்கொண்டு வாகனத்துக்குப் போனேன். பதினான்கு நிமிடம் என்றார் ஓட்டுநர். இன்னும் ஒன்பது இடங்கள் இருந்தன.

மாசி மாதத்து முதல் திங்கட்கிழமை, கணவர் சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் பகல் வேலையைத் தொடங்கினார்.