தண்ணி எலிகளுக்கு வந்த ஞாபகசக்தி

எலியை நல்லாப் பயப்படுத்தி, பிறகு இலைச்சாறு பருக்கி, "படிச்சது ஞாபகம் இருக்கோ?" எண்டு தண்ணிக்குள்ள விட்டுப் பார்க்கிறதுதான் என்ர தொழில். சிரிக்காதேங்கோ. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆய்வுகூடங்களில காலம் தள்ளுற என் சக துன்பசாலிகளே, உங்களுக்காகத்தான் எழுதுறன். மற்றவையும் வாசிக்கலாம், அனுதாபப்படலாம்.

விஷயம் இதுதான். மன அழுத்தத்தில மழுங்கின ஞாபகத்தை வல்லாரை திருத்துமோ எண்டது என்ர ஆராய்ச்சி. இருபத்திநாலு எலி. மூண்டு கிழமைக்கு, ஒவ்வொரு நாளும் ரெண்டு மணித்தியாலம், திரும்பக்கூட இடமில்லாத பிளாஸ்டிக் குழாய்க்குள்ள எல்லாரையும் அடைச்சு வைப்பம். அதுதான் மன அழுத்தம். அதோட பன்னிரண்டு பேருக்கு வல்லாரைச் சாறு, மற்றப் பன்னிரண்டு பேருக்கு வெறும் தண்ணி. கடைசியில நீச்சல் சோதனை. வட்டத் தொட்டிக்குள்ள மறைஞ்சிருக்கிற, முன்னம் ஏறிப் பழகின மேடையைச் சாறு குடிச்சவை கெதியாக் கண்டுபிடிச்சால் எனக்கு எம்ஃபில் பட்டம். இல்லாட்டில் ஆறு வருஷ உழைப்பு குப்பையில, ஏனெண்டால் என்ர பதிவை ஏற்கனவே ரெண்டு தரம் நீடிச்சாச்சு. இதுதான் கடைசிக் கூட்டம் எலி.

பால்மா ஆருக்கு?

மேடை எலியின்ர கண்ணுக்குத் தெரியக்கூடாது. அதுக்காகத் தொட்டித் தண்ணியில பால்மா கரைக்கிறது வழக்கம். நான் முதன்முதலாத் தொட்டி நிரப்பப் போன நேரம் பார்த்து நாட்டில பால்மாத் தட்டுப்பாடு. வெள்ளவத்தையில எங்கட ஃபிளாட்டுக்குக் கீழ கடை வச்சிருக்கிற முஸ்லிம் நானா, ஒரு வீட்டுக்கு ஒரு பக்கட்தான் குடுத்தவர். ஒண்டரை மணித்தியாலம் வரிசையில நிண்டு, என்ர முறை வந்த உடன நாலு பக்கட் வேணும் எண்டன்.

"வீட்டில எத்தின புள்ளைகள்?" எண்டார். எனக்குப் பொய் சொல்ல வராது. "பிள்ளைகள் இல்லை நானா, எலிகள். குடிக்க இல்லை, நீந்த" எண்டன். பின்னால கைக்குழந்தையோட நிண்ட தாய் என்னைப் பார்த்த பார்வைக்கு நானே தொட்டிக்குள்ள மூழ்கியிருக்கலாம். நானா எடுத்த பக்கட்டைத் திரும்ப உள்ள வச்சிட்டுச் சொன்னார்: "மகள், மனிசனுக்கே தேத்தண்ணில ஊத்தப் பால் இல்ல, ஒங்கட எலிக்கு குளிக்கப் பாலா? போங்க, சுண்ணாம்பக் கரச்சி ஊத்துங்க!"

மேல்மாடி அன்ரி

எங்கட ஃபிளாட்டில ஒரு ரகசியமும் ஒரு நாளுக்கு மேல தங்காது. லிஃப்டுக்குள்ள ஆரோ கேட்க நான் சொல்ல, மேல்மாடி அன்ரி போத்தலோட வந்து நிண்டா. மகள் ஏ.எல். சோதனை எடுக்கிறாளாம், படிக்கிறது ஒண்டும் மண்டையில நிக்குதில்லையாம், அந்தச் சாறில கொஞ்சம் வேணுமாம்.

"ஐயோ அன்ரி, இது எலிக்கு. மனிசருக்கு இன்னும் பார்க்கேல்லை" எண்டன். எலிக்கு எவ்வளவு குடுக்கிறீர், என்ன கணக்கு எண்டு துருவித் துருவிக் கேட்டா. குழாய்க்குள்ள ரெண்டு மணித்தியாலம் அடைக்கிறதையும் விளங்கப்படுத்தினன், பயந்து போய்விடுவா எண்ட நினைப்பில. அவ பயப்பிடேல்லை. போத்தலை மேசையில நல்லா நடுவில வச்சா. "உம்மட எலிக்கு ரெண்டு மணித்தியாலம்தானே பிள்ளை? என்ர மகள் காலமை ஆறு மணிக்கு டியூஷனுக்குள்ள போனால் பொழுதுபட்டுத்தான் வெளிய வாறாள். அப்ப அவளுக்கு ஆறு மடங்கு ஊத்தும்."

சோதனை நாள்

தொட்டிக்கு ஒருமாதிரி மணமில்லாத வெள்ளைச் சாயம் கண்டுபிடிச்சம். பேராசிரியை பக்கத்தில கதிரை போட்டு இருந்தா. நான் நேரம் பார்க்கிற மணிக்கூட்டோட நிண்டன்.

முதல்ல வெறும் தண்ணி குடிச்ச எலிகள். விட்டதும் விடாததுமா நேரா நீந்திப் போய் மேடையில ஏறி, முகம் கழுவத் தொடங்கிச்சினம். ஒண்டு ரெண்டு இல்லை, பன்னிரண்டும். பிறகு என்ர செல்லங்கள், சாறு குடிச்சவை. காலிமுகத்திடலில காத்து வாங்க வந்தவை மாதிரி ஆறுதலாச் சுத்திச்சினம். ஒருத்தர் மேடைக்குப் பக்கத்தால மூண்டு தரம் போனார், ஏறேல்லை. கடைசியில என்ர கோட்டுக் கையைப் பிடிச்சு வெளிய வந்திட்டார். பேராசிரியை பேனையை மூடினா. "ஞாபகம் எல்லாம் இருக்கும் உம்மட எலிகளுக்கு. அக்கறைதான் இல்லை."

அந்தோணி அண்ணையின்ர நியாயம்

அண்டைக்கு இரவு நித்திரை இல்லை. எங்க பிழைச்சது? அடுத்தநாள் ஏழு மணிக்கே எலி அறைக்குப் போனன். எங்கட எலிகளுக்குச் சாப்பாடு வைக்கிறது, கூடு கழுவுறது எல்லாம் அந்தோணி அண்ணை. கொட்டாஞ்சேனையில இருந்து முதல் பஸ்ஸில வாறவர், ஒருநாளும் பிந்தமாட்டார். அவர் "தண்ணி" எண்டு அட்டை தொங்குற கூட்டு வரிசைக்கு முன்னால குந்தியிருந்து, ஃபிளாஸ்கில இருந்து பச்சையா ஏதோ போத்தல் மூடிகளில வார்த்துக்கொண்டிருந்தார். எலிகளின்ர மீசையெல்லாம் பச்சை.

"என்ன அண்ணை அது?" எண்டன். வல்லாரைக் கஞ்சி! அவரின்ர மனுசி விடியக்காலமை காய்ச்சிக் குடுக்கிறது. அவருக்கு அதில உயிர். ஈஸ்டருக்கு முதல் வாற தவக்காலம் எண்டபடியால் பிடிச்ச சாப்பாட்டைத் துறந்து இல்லாதவைக்குக் குடுக்கவேணுமாம். ஆருக்குக் குடுக்கலாம் எண்டு சுத்திப் பார்த்திருக்கிறார். மருந்து கிடைக்காத பன்னிரண்டு பேரும் கண்ணில பட்டிருக்கினம். மூண்டு கிழமையா ஒருநாளும் தவறேல்லை. என்ர ஆறு வருஷத்தைக் கஞ்சியில கரைச்சிட்டீங்களே எண்டு கத்திவிட்டன், அழுதும் விட்டன். மனுஷன் ஆடிப்போனார், ஆனால் நியாயத்தை விடேல்லை. "மிஸ், எல்லாரையும் ஒரே மாதிரிக் குழாய்க்குள்ள அடைச்சு வதைக்கிறீங்க. பிறகு பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குப் பச்சத்தண்ணி எண்டால் மேல இருக்கிறவர் கேக்கமாட்டாரா?"

ரெண்டு அட்டை

இப்ப உண்மையைச் சொல்லுறன், ஆருக்கும் சொல்லாதேங்கோ. அவர் கூடு கழுவப் போன பிறகு எனக்கு ஒரு புத்தி வந்தது. கூட்டு வரிசைகளில தொங்குற அட்டையை மாத்தி, குறிப்புப் புத்தகத்தில தலைப்பையும் மாத்தினால் காணும். சாறு குடிச்சவை முதலாமிடம், தண்ணி குடிச்சவை கடைசி. பட்டம் கையில. கஞ்சிக்கும் வல்லாரைதானே, முழுப் பொய்யும் இல்லையே எண்டு மனம் வக்கீல் மாதிரி வாதாடினது.

ரெண்டு அட்டையையும் கழட்டிக் கையில வச்சிருந்தன். வலதுகையில "சாறு", இடதுகையில "தண்ணி". எவ்வளவு நேரம் நிண்டனோ தெரியாது. அந்தோணி அண்ணை வாளியோட திரும்பி வந்தவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "மிஸ், பிழை விட்டது நான். நீங்க ஏன் கள்ளர் மாதிரி முழிக்கிறீங்க?"

மூண்டாவது நீடிப்பு

அட்டைகளை இருந்த இடத்திலயே கொழுவினன். உள்ளதை உள்ளபடி எழுதி, மூண்டாவது நீடிப்புக் கேட்டு விண்ணப்பம் போட்டன். "தாமதத்துக்கான காரணம்" எண்ட கட்டத்தில "தவக்காலம்" எண்டு எழுதின ஒரே ஆள் நானாத்தான் இருப்பன். விண்ணப்பத்தைப் பார்க்கிற குழுவுக்கு முன்னால போய் நிண்டன். சிரிப்பினம், பிறகு துரத்துவினம் எண்டுதான் நினைச்சனான். உறுப்பினர்மார் ரெண்டுபேர் சிரிச்சும் விட்டினம்.

தலைவர் மட்டும் சிரிக்கேல்லை. என்ர தாளை ரெண்டு தரம் வாசிச்சார். சாறைக் கஞ்சி வெண்டிருக்கு எண்ட இடத்தில பேனையால கோடு போட்டார். மற்றவை எழும்பிப் போகும் மட்டும் பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒரு வருஷம் தாறம், ஈஸ்டர் முடிஞ்ச பிறகு தொடங்குங்கோ. அதுக்கு முதல் அந்த அம்மா கஞ்சி காய்ச்சிற விதத்தைக் கேட்டு எனக்கு எழுதி அனுப்புங்கோ, கொஞ்ச நாளா எனக்கு என்ர மாணவரின்ர பேர்கூட வருதில்லை."

ஆக, மன அழுத்தத்தில மூளை மழுங்கும் எண்டதை, அட்டையை மாத்தப் பார்த்த என்னை வச்சே நான் நிரூபிச்சாச்சு, வல்லாரைச் சாறு அதைத் திருத்துமோ எண்டதை மட்டும் எலிகள்தான் இனிச் சொல்லவேணும்.