தீட்டு நாளில் பாய்ந்த தண்ணீர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை, அளவில் நிற்காத எதையும் ஒதுக்கித் தள்ளுவதுதான் என் பிழைப்பே. அதனால் நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், அவ்வளவுதான்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. எங்கள் ஊர் செய்யூர் பக்கம். அப்பா சின்ன வயதில் சவுக்கு வெட்டக் கூலிக்குப் போனவர். அதில் மிச்சம் பிடித்து அரை ஏக்கர் மணல் நிலம் வாங்கினார், கிணறு வெட்டினார், வேர்க்கடலை போட்டார். நிலம் வந்த பிறகும் கூலி வேலையை விடவில்லை. விடிந்தால் சவுக்குத் தோப்பு, பகலில் கரண்ட் வருகிற நேரம் நிலம், மறுபடி தோப்பு. அக்கா கல்யாணம், என் பாலிடெக்னிக் படிப்பு, கூரை வீட்டுக்குத் தளம் போட்டது எல்லாம் அந்த ஒரு ஜோடிக் கையால்தான். அவரிடம் ஒரே ஒரு பிடிவாதம், மண்வெட்டியை யாருக்கும் கொடுக்க மாட்டார். அம்மா கேட்டாலும் சரி, நான் கேட்டாலும் சரி, "நீ வுடு, நான் பாத்துக்கறேன்" என்பார். நான் ரொம்பவும் கேட்டதில்லை என்பதையும் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். வரப்பில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருப்பேன், அவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் திருப்புவார்.

போன கோடையில் ஒருநாள் காலையில் எழுந்தார், மார்பு வலிக்கிறது என்றார், வண்டி வருவதற்குள் போய்விட்டார். மூன்றாம் நாள் சாம்பலைக் கடலில் கரைத்தோம். அதற்கப்புறம்தான் வேர்க்கடலை ஞாபகம் வந்தது. பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்குகிற சமயம், அப்போது தண்ணீர் தவறினால் வெறும் செடிதான் மிஞ்சும், காய் வைக்காது. ஆனால் எங்கள் வழக்கத்தில் கருமாதி முடிகிற பதினாறாம் நாள் வரை நிலத்தில் கால் வைக்கக் கூடாது. சுற்றியிருக்கிற நிலமெல்லாம் பங்காளிகளுடையது, அவர்களுக்கும் அதே தீட்டு. அந்தப் பக்கம் எல்லா மோட்டாரும் ஓடாமல் கிடந்தது. கூலிக்கு வெளியாளை விடலாமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன்.

"தீட்டு ஆளுக்கு மட்டுமா? நெலத்துக்கும் கீதுடா. அவன் போயிட்டான், கடலை போனா இன்னா இப்போ?" என்றார்.

அம்மா சாப்பாட்டில் கை வைக்கும்போதெல்லாம், "அது வாடிகினு கெடக்குமே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். அவர் கடைசியாக விதைத்தது அது. வீட்டில் பாதி துக்கம் அவருக்கு, பாதி அந்தக் கடலைக்கு.

பதினோராம் நாள் கருமாதிச் சாமான் வாங்க செய்யூர் போய்விட்டு பைக்கில் திரும்பினேன். நல்ல உச்சி வெயில், பன்னிரண்டு மணி இருக்கும். நிலத்தை ஒட்டித்தான் ரோடு. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்திப் பார்த்தால், எங்கள் நிலத்தில் மேலண்டைப் பாத்திகள் எல்லாம் நனைந்து கருத்துக் கிடந்தன. நாலு பாத்திதான் பாக்கி.

மோட்டார் தானாக ஓடலாம், ஆட்டோ ஸ்டார்ட்டரில் கிடந்திருக்கும், பத்து நாள் ஓடாமல் அன்றைக்கு ஓடியதற்கும் ஏதாவது காரணம் இருக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் தானாகப் பாத்தி மாறாது, யாரோ தீட்டை மதிக்காமல் உள்ளே இறங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன். கத்திக் கூப்பிட்டேன். ஒரு ஆள் கிடையாது. மறைந்துகொள்ள ஒரு மரம்கூட அங்கே இல்லை. மண்வெட்டி மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தது.

நம்பினால் நம்புங்கள், என் கண் முன்னால் ஒரு பாத்தி நிரம்பியது, சளக் என்று ஈர மண் விழுகிற சத்தம் கேட்டது, அதன் வாய் அடைபட்டது, அடுத்த பாத்தியின் மடை திறந்தது. அப்புறம் குதிகாலால் மண்ணை மிதித்து அழுத்துகிற சத்தம், இரண்டு தடவை. அப்பா அப்படித்தான் மிதிப்பார். எனக்குப் பயமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம். பழகிய வேலை நடக்கிறது, நான் வழக்கம்போல ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். அதை நினைத்தபோது பயத்துக்குப் பதில் வெட்கம் வந்தது.

மூன்று பாத்தி இப்படியே பாய்ந்தது, ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நான்காவதுதான் கடைசி. அதற்கு மடை திறக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது, கரையைத் தொட்டது, இன்னும் கொஞ்சம் விட்டால் உடைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடும். அப்போதும் ஒரு சத்தமும் இல்லை. நான் பெரியப்பாவை நினைத்தேன், அம்மா தள்ளிவிட்ட தட்டை நினைத்தேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினேன்.

கொட்டகையில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்தேன், அதன் தகட்டில் அப்போதுதான் வெட்டிய ஈர மண் ஒட்டியிருந்தது. எனக்குச் சரியாக வெட்ட வரவில்லை. நாலைந்து வெட்டு வெட்டி, பாதி மண்ணைக் காலில் கொட்டிக்கொண்டு, ஒருவழியாக மடையைத் திறந்தேன். பாத்தி நிரம்பும் வரை நின்று, மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சேற்றுக் காலைப் பார்த்ததும் அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். நடந்ததைச் சொன்னேன். உண்மையா பொய்யா என்று அவள் கேட்கவே இல்லை.

"கடைசி பாத்திய உனுக்கு வுட்டுட்டாரா?" என்றாள்.

"ஆமாம்மா."

"நாப்பது வருசம் கேட்டுகினு கெடந்தேன், குடுங்க நான் தண்ணி கட்றேன்னு. எனுக்கு ஒரு பாத்தி குடுத்தாரா அந்த மனுசன்?" சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பதினோரு நாளில் அன்றுதான் சத்தமாக அழுதாள். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

கடலை நன்றாகவே காய்த்தது. பங்காளிகளிடம் சொன்னால், வெயிலில் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது என்கிறார்கள், இருக்கட்டும். எனக்கு வேறு ஒன்றுதான் இன்றைக்கும் தூக்கத்தைக் கெடுக்கிறது. அந்தக் கடைசிப் பாத்தியை என்னை நம்பி விட்டாரா, அல்லது அதற்கு மேல் முடியாமல் களைத்துப்போய் விட்டாரா என்று தெரியவில்லை. உயிரோடு இருந்தபோது, களைப்பாக இருக்கிறதா என்று அவரை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.