வாய்க்கால் கரையில் ஒரு மாட்டை முந்திய கதை

இன்று காலை மோகனூர் பக்கம் வாய்க்கால் கரை மண்பாதையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன்.

முன்னால் ஒரு மாடு, கயிறு தரையில் இழுபட ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துரத்தி வந்த ஓர் அக்கா என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அம்மணி, அதை முந்திப் போயி மறிச்சுருங்க. ரோட்டுக்குப் போச்சுன்னா லாரியில அடிபட்டுரும்."

எனக்கு மாடு என்றால் பயம். அதைச் சொல்ல நேரமில்லை. பெல் அடித்தேன். மாடு திரும்பிப் பார்த்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. எந்த பஸ்காரரும் எனக்கு இப்படி வழிவிட்டதில்லை.

ரோட்டுக்குச் சற்று முன்பு இறங்கி, சைக்கிளைக் குறுக்கே நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டேன். கையில் சொரசொரவென்று ஏதோ பட்டது. மாடு என் வியர்வையை நக்கிக்கொண்டிருந்தது. என்னையறியாமல் அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்தேன்.

மூச்சிரைக்க வந்த அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருப்பீங்க சாமி. நாளைக்கும் இந்தப் பக்கம் வருவீங்களா? வாரத்துல ரெண்டு மூணு நாளு இது இப்படித்தானுங்க அவுத்துக்குது."

"வாரேனுங்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

நாளை சைக்கிளில் சங்ககிரி மலைப்பாதைக்குக் கிளம்பும் நண்பர்களே, என்னை எதிர்பார்க்க வேண்டாம். மனமிருந்தால் நீங்கள் இங்கே வாருங்கள். கரையின் மறுமுனைக்கும் ஓர் ஆள் தேவைப்படுகிறது.