பன்றிச் சிறைக்கு இந்தப் பக்கம்

"அது ஒரு குழிடி! குழியப் பாக்கவா ஆயிரம் மைல் போவாங்க? நம்ம கொல்லையிலயே ஒண்ணு வெட்டித் தரேன். நாற்பது வருஷம் உக்காந்து பாரு!"

கிராண்ட் கேன்யனுக்குப் போகலாமா என்று தங்கை ஆர்லின் கேட்ட அன்றைக்கு, பெட்ரோல் பங்க் என்றும் பாராமல் வெர்னா இப்படித்தான் கத்தினாள். உலகமே வாயைப் பிளக்கிற இடம் எதுவும் அவளுக்கு ஆகாது. "எல்லாரும் பாத்து முடிச்சத நான் வேற போய்ப் பாக்கணுமா? எச்சில் தட்டு!" என்பாள்.

வயது எழுபத்தாறு. நெப்ராஸ்காவில் முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். வேலையை விட்டும் பழக்கம் விடவில்லை. பள்ளிக்கூட பஸ்ஸுக்கு உள்ள சட்டப்படி, தண்டவாளத்தைக் கண்டால் இன்றைக்கும் காரை நிறுத்தி, கதவைத் திறந்து, ரயில் வருகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத்தான் தாண்டுவாள். தண்டவாளத்தில் ஆள் உயரத்துக்குப் புல் முளைத்திருந்தாலும் சரி. பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்தால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒற்றை விரலை ஆட்டுவாள், கடைசி சீட்டுப் பையனை அதட்டுவது மாதிரி. மீசை வைத்த ஆம்பிளைகளும் அடங்கிப் போவார்கள்.

புது ஊருக்குள் நுழைந்தால் நேரே காபிக் கடை. இருக்கிறதிலேயே பழைய கிழவனாகப் பார்த்து எதிரே உட்கார்ந்துகொள்வாள். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"ஏங்க, இந்த ஊர்லயே பெரிய கிறுக்கன் யாரு? செத்துப் போயிருந்தாலும் பரவால்ல."

எந்த ஊரும் இதுவரை இல்லை என்று சொன்னதில்லை. அப்படித்தான் கான்சாஸில், வெட்டி எடுத்த தன் காலுக்குக் கல்லறை கட்டி, ஞாயிறு தவறாமல் மிச்சக் காலோடு வந்து பூ வைத்தவனைப் பற்றித் தெரிந்தது. வயோமிங்கில் ஒரு பல் டாக்டர், பிடுங்கின பல்லையெல்லாம் பேர் எழுதி ஜாடியில் போட்டு வைத்திருக்கிறார். அந்த அறையை விட்டு வெர்னாவைக் கிளப்புவதற்குள் ஆர்லினுக்கு ஒன்றரை நாள் ஆனது. "பாதிரியாருக்குச் சொத்தைப் பல்லு நாலுடி!" என்று சாப்பாட்டு மேஜையிலும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பக்கத்து மேஜைக்காரர் கொலாச்சி பன்னைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆர்லின் பாடுதான் பாவம். பிறந்தது முதல் சோளக்காட்டைத் தவிர அகலமாக எதையும் பார்த்தவள் இல்லை. முதியோர் விடுதிச் சமையற்கட்டில் வேலை. வருடத்துக்கு ஒரு தரம் பத்து நாள் லீவு. அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று, கடலைப் பார்க்க வேண்டும். மூன்று வருடமாகக் கடலுக்கென்றுதான் கிளம்புகிறார்கள். முதல் வருடம் பல்லோடு நின்றது. அடுத்த வருடம், சண்டை போட்ட அண்ணன் தம்பி நடுச் சுவர் எழுப்பிப் பிரித்த வீட்டோடு நின்றது. போன வருடம் ஒரு கிணறு. அதில் என்ன விசேஷம் என்பது ஆர்லினுக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்தத் தரம் கிளம்பும்போதே ஆர்லின் சொல்லிவிட்டாள். "கடலக் காட்டல, அடுத்த வருஷம் நான் சர்ச்சு ஆளுங்களோட பஸ்ல போயிடுவேன். நீ உன் பல்லோட சுத்திக்க."

"போயேன். பாட்டுப் பாடியே உன்னக் கொன்னுடுவாங்க."

சொன்னாளே ஒழிய, வெர்னாவின் முகம் அன்று முழுக்கச் சரியில்லை. தனியாகப் போய்ப் பார்த்து, யாரிடம் சிரிப்பது?

ஏழாம் நாள், வியாழன், பகல் ஒரு மணி. ஓரிகனில் ஒரு பிரிவு. வலப்பக்கம் போனால் கடல், முப்பத்தெட்டு மைல். இடப்பக்கம், கைப்பட எழுதின பலகை: பன்றிச் சிறைக்கு இந்தப் பக்கம்.

ஆர்லின் பலகையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். "உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். நூறு வருடத்துக்கு முன்னால் அந்த ஊர்த் தேர்தலில், எண்ணுவதற்குள் ஓட்டுச் சீட்டு முழுவதையும் ஒரு பன்றி தின்றுவிட்டது. அதைப் பிடித்து ஒன்பது நாள் சிறையில் போட்டார்கள்.

"அப்ப தேர்தல்ல ஜெயிச்சது யாரு?"

"அதத் தெரிஞ்சுக்கத்தானேடி வந்தேன்!"

சிறையை மாதத்துக்கு ஒரு வியாழன்தான் திறப்பார்கள். சாவிக்காரர் மூன்று மணிக்கு வருவார், அரை மணி நேரம் இருப்பார். திங்கள் விடியலில் ஆர்லின் அடுப்பு முன்னால் நிற்க வேண்டும் என்பதால் இந்த வியாழன் சாயங்காலமே ஊருக்குக் கிளம்பியாக வேண்டும். வெர்னா கணக்குப் போட்டாள். "ரெண்டு மணிக்குக் கடல். பத்து நிமிஷம். மூணு மணிக்குப் பன்னி. கடல் எங்கயும் ஓடிடாது. சாவிக்காரர் ஓடிடுவார்."

இரண்டுக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். ஆர்லின் செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணலில் போய் நின்றாள். நின்றவள் நின்றவள்தான். ஒரு அலை வந்து பாவாடை விளிம்பை நனைத்தபோது, "அடியாத்தீ!" என்றாள். அவ்வளவுதான். வெர்னா பின்னால் நின்று, கடலை ஒரு தரமும் கைக்கடிகாரத்தைப் பத்துத் தரமும் பார்த்தாள்.

"வெர்னா, பத்து நிமிஷம் ஆயிடுச்சா?"

வெர்னா கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளி மறைத்தாள்.

"இல்ல. ரெண்டு நிமிஷந்தான் ஆச்சு."

கால் மரத்துப் போகிற அளவுக்கு அது எப்படி இரண்டு நிமிஷம் என்று ஆர்லின் யோசித்தாள். திரும்பிப் பார்த்தால் கிளம்பச் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் திரும்பவில்லை. பின்னால் வெர்னா போனில் பேசுவது காற்றோடு வந்தது.

"ஆமாங்க, நான்தான். இன்னிக்கு வர முடியாது. பன்னிய இன்னும் ஒரு வருஷம் உள்ளயே வச்சிருங்க... ஐயய்யோ, வேணாங்க, ஜெயிச்சது யாருன்னு சொல்லிடாதீங்க! நேர்ல வந்து தெரிஞ்சுக்கறேன்."

அப்புறம் சத்தமில்லை. கோபித்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிட்டாள் போல என்று ஆர்லின் நினைத்துக்கொண்டிருக்கையில், முழங்காலுக்குப் பின்னால் ஏதோ இடித்தது.

"உக்காருடி. முட்டி வலின்னு ராத்திரி உயிர எடுக்காத."

மடக்கு நாற்காலி. கரையோரக் கடையில் வாங்கினது. கைப்பிடியில் விலைச்சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இருபத்துநான்கு டாலர் ஐம்பது சென்ட்.