கண்ணாடியின் இடதுபக்கம்

பாரிஸில் ரூ காய் என்ற தெருவில் இருக்கும் என் பலசரக்குக் கடைக்கு முன்பக்கம் இரண்டு கண்ணாடிகள். வாசலுக்கு வலதுபக்கக் கண்ணாடியில் உயிரோடு இருப்பவர்களின் சங்கதிகள்: ஊர்ச் சங்கங்களின் கோடைகால ஒன்றுகூடல், கரப்பந்தாட்டப் போட்டி, பரதநாட்டிய அரங்கேற்றம், வாடகைக்கு மண்டபம். இடதுபக்கம் செத்தவர்களுக்கு. இப்படித்தான் ஒட்டவேண்டும் என்று நான் யாருக்கும் சட்டம் போடவில்லை. ஒருவர் மரண அறிவித்தல் ஒட்டினார், பக்கத்தில் இன்னொருவர் ஒட்டினார், அப்படியே வழக்கமாகிவிட்டது. லா சப்பல் நிலையத்தில் மெத்ரோ ரயிலால் இறங்கி வரும் எங்கள் சனம் முதலில் இடதுபக்கத்தைத்தான் பார்க்கும். இந்தக் கிழமை யார் போனது என்று தெரியாமல் முருங்கைக்காய் வாங்கி என்ன பயன்?

பேதுரு அந்த இடதுபக்கத்தில் ஏறிய கதை இது. அவன் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் மலர்வளையத்தோடு புறப்பட்டுவிடுவீர்கள்.

பேதுரு மன்னார்க்காரன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் யாழ்ப்பாணம். இரண்டு பேரும் ஒரே கத்தோலிக்கக் கோவிலில் பூசை காண்கிறவர்கள், அதனால் பழக்கம். பேதுரு ஒரு காலத்தில் மூக்குமுட்டக் குடித்தவன். பாரிஸுக்கு வெளியே பியர்ஃபித்தில் குடியிருந்தான், மனைவி இம்மாகுலேற்றோடும் ஒரே மகள் துஷ்யந்தியோடும். அவன் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டினால் இம்மாகுலேற் மகளைத்தான் அனுப்புவாள். பிள்ளை ஓடிப்போய்த் தகப்பனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பாள். பிறகு குசினிக்குள் போய், இன்றைக்குக் குடி மணக்கிறதா இல்லையா என்று தாயிடம் சொல்லுவாள். மணக்கிறது என்றால் தாயும் மகளும் ஓர் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வார்கள்.

“அவள் ஆசையாக் கட்டிப்பிடிச்சவளோ, மணந்து பாக்கக் கட்டிப்பிடிச்சவளோ எண்டு எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது அண்ணை” என்று ஒருமுறை என்னிடம் சொன்னான். வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தேன், நிறுத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு குளிர்காலத்தில் தாயும் மகளும் அவனை வெளியே விட்டுப் பூட்டை மாற்றினார்கள். நியாயம்தான். நானாக இருந்தால் இன்னும் முந்தியே மாற்றியிருப்பேன். அந்தக் குளிர் முடிவதற்குள் அவன் குடியை விட்டான். கோவிலில் சத்தியம் செய்தான், வைத்தியரிடம் போனான், மாதக்கணக்கில் கை நடுங்கிக்கொண்டு திரிந்தான், ஆனால் விட்டான். விட்ட பிறகு அவனுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். ரயில் பாதையை ஒட்டிய பழைய கராஜ் ஒன்றில் சில பிரெஞ்சுப் பிள்ளைகள் தங்கள் கையாலே பியர் காய்ச்சி விற்கிறார்கள். எங்கள் கடைகளில் மாம்பழமும் கொத்தமல்லியும் வாங்கிப்போய் அதற்குள் போடுகிற ஆட்கள். அங்கே தொட்டியும் பீப்பாவும் கழுவுகிற வேலை. அவனுக்கு நிரந்தர வேலை எழுதித் தந்த ஒரே இடம் அதுதான்.

குடியை விட்டவன் பியர்ப் பீப்பா கழுவுகிறான் என்றால் யார் நம்புவார்? இம்மாகுலேற் நம்பவில்லை. கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும்கூடப் பூசையில் அவனுக்குப் பக்கத்தில் நின்று மூக்கை நீட்டியிருக்கிறேன். மணம் சட்டையில் இருந்தது, வாயில் இல்லை. பீப்பாவைத் திறந்தால் நுரை நெஞ்சில் அடிக்கும். எத்தனை தரம் தோய்த்தாலும் அந்த மணம் துணியை விட்டுப் போகாது.

ஜூன் பிறந்தால் பாரிஸில் யாரும் வீட்டுக்குள் இருப்பதில்லை. பிரெஞ்சுக்காரர் தெருவில் மேசை போடுவார்கள், கால்வாய்க் கரையில் பாட்டும் பியரும். எங்களவர்கள் பூங்காக்களில் கூடுவார்கள், ஞாயிற்றுக்கு ஓர் ஊர்ச் சங்கம். சங்கீதக் கதிரைப் போட்டி, கயிறு இழுத்தல், கொத்துரொட்டி. மது கண்டிப்பாக இல்லை என்று அறிவித்தலில் போட்டிருக்கும். மது கார் டிக்கிக்குள் இருக்கும். ஆம்பிளைகள் ஒவ்வொருவராக “காருக்குள்ளை ஒரு சாமான் எடுக்கவேணும்” என்று போய், கோக் கப்போடு திரும்புவார்கள். பெண்களுக்கும் தெரியும். குடித்த காலத்தில் அந்த ஒளிப்பில் அகப்பட்டது பேதுரு ஒருவன்தான். வெறியில் சங்கீதக் கதிரைக்குள் போய் விழுந்து, யாரோ ஒரு பிள்ளையின் பல்லை உடைத்தான். அதோடு எந்தச் சங்கமும் அவனைக் கூப்பிடுவதில்லை. அவன் குடியை விட்ட செய்தி மட்டும் ஒரு சங்கத்துக்கும் போய்ச் சேரவில்லை.

ஆகவே அவனுடைய கோடை முழுவதும் அந்தப் பிரெஞ்சுப் பிள்ளைகளோடுதான். ஒரு ஞாயிறு நான் கால்வாய்ப் பக்கம் போனபோது கண்டேன். பெரிய கூட்டம், ஒரே ஆட்டமும் சிரிப்பும். இவன் பீப்பாக்களை இறக்கி வைத்துவிட்டு, பியர் ஏற்றிவந்த வான் வண்டியின் பின்கதவில் குந்தியிருந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாணும் ரின்மீனும் சாப்பிட்டான். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. கூப்பிடாமலே வந்துவிட்டேன்.

கோடைக்கு ஒருமுறை மகளுக்குச் செய்தி அனுப்புவான். ‘ஒருநாள் வந்து பார் பிள்ளை. அப்பா குடிக்கிறேல்லை.’ அவனுக்கு வேறு ஆசை இல்லை. அவள் ஒருமுறை வந்து தன் கண்ணால் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். அவள் இவனுடைய டெலிபோன் இலக்கத்தைத் தடுத்து வைத்திருந்தாள், செய்தி அவளிடம் போகாமல் ஒற்றைச் சரிக்கோட்டோடு நின்றுவிடும்.

“போகாது எண்டு தெரிஞ்சும் ஏன்ரா அனுப்புறாய்?”

“எண்டைக்காவது தடுத்ததை எடுத்தாளெண்டால், எல்லாம் ஒண்டா வந்து விழுமெல்லே அண்ணை.”

அப்படி விழாது. அவனுடைய சாமான் பையைக் கட்டிக் கையில் கொடுத்தேன்.

போன ஆவணியில் அந்தக் கராஜின் முதலாளி ஆனைஸ், முப்பது வயதுப் பெண், அக்கம்பக்கத்தாருக்காக ஒரு கோடை விழா வைத்தாள். அவள் நல்ல பிள்ளை. பேதுருவின் உழைப்புக்கு மரியாதையாக ஒரு புதுப் பியர் காய்ச்சி, அதற்கு அவன் பெயரையே வைத்தாள். விழாவுக்கு ஒரு அஃபிஷ், அதுதான் சுவரொட்டி, அடித்தாள். நடுவில் பேதுருவின் கறுப்பு வெள்ளைப் படம், சிரிக்காத முகம். படத்தைச் சுற்றி வளையமாகப் பூ, பியருக்குக் கசப்புக் கொடுக்கிற பூவாம் அது. மேலே, அவனுக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று, தமிழ் எழுத்தில் ‘பேதுரு’. கீழே அவன் வேலைக்குச் சேர்ந்த வருடமும் அந்த வருடமும், இடையில் ஒரு கோடு. அதற்குக் கீழே நாள், நேரம், இடம். எல்லாவற்றையும் சுற்றி ஒரு கறுப்புக் கரை, ஏனென்றால் அவர்களுடைய போத்தல்களில் எப்போதும் கறுப்புக் கரைதான்.

அந்தக் கிழமை நான் கடையைப் பூட்டிவிட்டு மனைவியோடு லூர்து நகருக்கு, மாதாவின் ஆவணித் திருவிழாவுக்குப் போயிருந்தேன். எங்கள் கோவில் பங்குச் சுவாமியாரும் அங்கேதான். ஆனைஸ் அஃபிஷோடு வந்து பார்த்திருக்கிறாள். வலதுபக்கம் கோடைச் சங்கதிகள் நிறைந்து வழிந்தன. இடதுபக்கத்தில், அந்தக் கிழமை யாரும் சாகாதபடியால், நல்ல இடம் இருந்தது. ஒட்டிவிட்டுப் போய்விட்டாள்.

முதலில் கண்டது வாமதேவன். பெரிய சங்கம் ஒன்றின் செயலாளர், எந்தச் செத்தவீட்டையும் தவறவிடாத மனிதர். படம் எடுத்துச் சங்கக்காரர் எல்லாருக்கும் அனுப்பினார். செத்தவனுக்கு யாராவது டெலிபோன் எடுப்பார்களா? இம்மாகுலேற்றுக்கு எடுத்தார்கள். “எனக்கொண்டும் தெரியாது, கோவில்லை கேளுங்கோ” என்றாளாம். கோவிலில் கேட்கச் சுவாமியார் இல்லை. பேதுருவோ விழா வேலையில் கராஜை விட்டு அசையவில்லை. அவன் செத்தது அவன் ஒருவனுக்குத்தான் தெரியாது.

விழாவன்று பின்னேரம்தான் நான் வந்து சேர்ந்தேன். இடதுபக்கக் கண்ணாடியில் பேதுருவின் முகத்தைக் கண்டதும் பயணப் பையைக் கீழே வைத்தேன். கீழே நிலத்தில் யாரோ ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடியில் இருந்த சின்னப் பிரெஞ்சு எழுத்தைப் படித்தேன். ‘கோடை விழா, இசை, புதிய பியர், எல்லோரும் வாருங்கள்.’ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு எங்கள் சனம் சின்ன எழுத்தைப் படிக்கிறதில்லை என்று நினைவு வந்தது. அந்தப் பையைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கராஜுக்கு ஓடினேன்.

எங்கள் ஆட்கள் வாசலிலேயே நின்றார்கள். கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, ஒரு முப்பது பேர். முன்னுக்கு வாமதேவன், கையில் மலர்வளையம். உள்ளே மேளம் அதிர்ந்தது, வண்ணக் கொடிகள் ஆடின.

“செத்தவீட்டிலை இப்பிடியும் ஆடுவினமே அல்பிரட்?” என்று வாமதேவன் என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்ல முன்னர் அவர் உள்ளே பார்த்துவிட்டார். பியர்க் குழாய்க்குப் பின்னால் பேதுரு நின்று வரிசையாகக் கிண்ணங்களை நிரப்பிக்கொண்டிருந்தான். வாமதேவன் வளையத்தோடு நேராக அவனிடம் போனார்.

“நீ சாகேல்லையே?”

பேதுரு அவரையும் வளையத்தையும் பார்த்தான். “இல்லை அண்ணை” என்றான். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

நான் நடந்ததைச் சொன்னதும் ஒரே சிரிப்பு. ஆனைஸ் அந்த வளையத்தைப் பரிசென்று நினைத்து, கன்னத்தில் முத்தம் கொடுத்து வாங்கி, குழாய்க்கு மேலே மாட்டினாள். வாமதேவன் கொஞ்ச நேரம் கோபத்தோடு நின்றார். பிறகு, “சரி, வந்தது வந்திட்டன்” என்று ஒரு பேதுருவை வாங்கி வெட்டவெளியில் நின்று குடித்தார். கோக் கப்பும் இல்லை, டிக்கியும் இல்லை.

பேதுரு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான். “இவ்வளவு சனமும் எனக்காகவே அண்ணை வந்தது?” என்றான். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. திடீரென்று அவன் கை நின்றது.

“அப்ப பியர்ஃபித்துக்கும் தெரிஞ்சிருக்குமே.”

“தெரியும். வாமதேவன் எடுத்துச் சொன்னவராம்.”

அதற்குப் பிறகு அவன் கண் வாசலை விட்டு எடுபடவில்லை. மகள் வருவாளா என்று என்னைக் கேட்கவுமில்லை. கிண்ணங்கள் நிரம்பி வழிந்தன. அந்தப் பராக்கில்தான் பீப்பா மாற்றும்போது பிழை விட்டான். நுரை சீறி நெஞ்சு, கழுத்து எல்லாம் நனைந்தது. உள்ளே மாற்றுச் சட்டை இருக்கிறது, ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று துடைக்கத் துவாய்த் துண்டை எடுத்தான்.

எடுத்தபோது துஷ்யந்தி வாசலில் நின்றாள்.

தாயின் அதே நெற்றி. கறுப்புச் சட்டை, வீங்கிய கண். தகப்பன் நிற்பதைக் கண்டாள். அவன் அசையவில்லை. அவள்தான் ஓடிவந்தாள், மேசையைச் சுற்றி, ஆட்களைத் தள்ளிக்கொண்டு. “பப்பா” என்று கட்டிப்பிடித்து, அந்த நனைந்த நெஞ்சில் முகத்தை வைத்து விக்கி விக்கி அழுதாள். பேதுரு கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெறுங்காற்றில் வைத்திருந்தான். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

பிறகு அவள் அழுகை நின்றது. முகம் அவன் நெஞ்சில் அப்படியே இருந்தது. ஒருதரம் மூச்சை உள்ளே இழுத்தாள். எனக்கு விளங்கிவிட்டது. பேதுருவுக்கு எனக்கு முன்பே விளங்கியிருக்கும்.

மெல்ல விலகிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள். பிரெஞ்சில், கோபம்கூட இல்லாமல், “நான் போய் அம்மாவிடம் சொல்கிறேன், நீ உயிரோடு இருக்கிறாய் என்று” சொல்லிவிட்டு வந்த வழியே போனாள்.

“வாயைத் திறந்து சொல்லன்ரா” என்று நான் கத்தினேன். அவன் குழாய்ப் பக்கம் திரும்பிவிட்டான். நானே அவளுக்குப் பின்னால் ஓடி, மெத்ரோப் படியில் மறித்தேன். “பிள்ளை, அவன் குடிக்கிறேல்லை. சட்டையிலை ஊத்துப்பட்டது. நான் கண்டனான்.”

“நீங்கள் அவரின்ரை ஃபிரெண்ட்தானே அங்கிள்” என்றாள், மரியாதையாக. படியிறங்கிப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது அவன் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தான். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “குடிக்கேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்ல என்னடா உனக்கு?”

“அதையே அண்ணை சொல்லுறது?” என்றான். “குடிச்சுப்போட்டு வந்து ஒவ்வொருநாளும் அவளுக்குச் சொன்னது அதுதானே. வேறை சொல் என்னட்டை இல்லை.”

திங்கட்கிழமை காலை கண்ணாடியில் இருந்த அஃபிஷைச் சுரண்டச் சவர பிளேட்டோடு நின்றேன். பேதுரு வேலைக்குப் போகிற வழியில் வந்தான். தோய்த்து அழுத்திய சட்டை, நித்திரை இல்லாத கண்.

“விடுங்கோ அண்ணை, கிடக்கட்டும்.”

“செத்தவையின்ரை பக்கத்திலை என்னத்துக்கடா உன்ரை படம்?”

“அதைப் பாத்துத்தானே வந்தவள்.” எழும்பியிருந்த ஓரத்தைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டினான். “ஓடிவந்து கட்டிப்பிடிச்சது ஆசையிலைதான் அண்ணை. மணந்தது பிறகுதான். நீங்களும் பாத்தனீங்கள்தானே?”

“ஓம், பாத்தனான்” என்றேன்.

அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறான். தலையாட்டினான். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், திரும்பவும் யாராவது பார்த்துச் சொல்லுவார்கள், திரும்பவும் வருவாள் என்றான். இனி ஒருநாள் அவன் உண்மையாகவே செத்து, உண்மையான அறிவித்தலை நான் இதே இடத்தில் ஒட்டினாலும் அவள் நம்பமாட்டாள் என்று எனக்குப் பட்டது. பிளேட்டை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, அவனுக்கு ஒரு பிளேன்ரீ ஊற்றினேன்.